பிரஷ்ஷுக்கும் ஒரு குளியல்!

போன வைகாசியில் சின்ன காஞ்சிபுரத்தில் என் நாத்தனாரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். அலங்காரம் செய்ய வந்த பெண் பையைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. முந்தின முகூர்த்தத்துப் பெண்ணுக்குப் போட்ட பவுடரும் மையும் பிரஷ்களில் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தன! சம்பந்தி வீட்டார் எதிரில் எப்படிச் சொல்வதென்று வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் பெண்ணுக்குக் கண் சிவந்து, இமை வீங்கி, ஒரே பீளை. மறுவீட்டு விருந்துக்குக் கறுப்புக் கண்ணாடியோடு போனாள், பாவம்! கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "அடுத்தவங்க பிரஷ்ஷைக் கண்ணுக்குப் போட்டியாம்மா?" என்பதுதான்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பிரஷ். 7 முதல் 10 நாளுக்கு ஒரு தரம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, முடிப்பக்கம் கீழே பார்க்கப் பிடித்து, நுரை போகும் வரை அலசுவேன். காம்புக்குள் தண்ணீர் இறங்கினால் பசை விட்டு முடி கொட்டிவிடும். அதனால்தான் நிமிர்த்தி வைத்தும் காய வைக்கக் கூடாது. துணியில் ஒற்றி, நம் பட்டுப்புடவை மாதிரி நிழலில்தான் உலர்த்தணும், படுக்க வைத்து.

வருகிற தையில் இளையவளுக்குக் கல்யாணம். அலங்காரத்துக்கு அதே பெண்தான், கைவேலை அவ்வளவு அழகு! பிரஷ் மட்டும் நாங்களே வாங்கி, கழுவி வைத்திருக்கிறோம்.

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்.