ஹெட்செட்டுக்குத் தனி சவுண்ட் கார்டு வேண்டுமா?

கார்டுக்குக் காசு எடுத்து வைக்குமுன், உங்கள் கேமிங் ஹெட்செட்டின் வயர் எதில் முடிகிறது என்று பாருங்கள். யூஎஸ்பி பிளக் என்றால் பேச்சே இல்லை. ஒலியைக் காதுக்கு ஏற்றபடி மாற்றும் சில்லு ஹெட்செட்டுக்குள்ளேயோ வயரில் தொங்கும் குட்டிப் பெட்டியிலோ இருக்கிறது. கணினியில் இன்னொரு கார்டைப் பொருத்தினால் அது சும்மா கிடக்கும். ஒலி அந்தப் பக்கமே போகாது. டாங்கிளோடு வரும் வயர்லெஸ் ஹெட்செட்டுக்கும் இதேதான்.

3.5 மி.மீ. பின் வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே யோசிக்க வேண்டும்.

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சியில் இருந்துகொண்டு, சிங்கப்பூர் சித்தப்பாவிடம் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு கேட்கலாமா என்று நினைப்பவர்கள் இருக்கலாம். அந்தப் பெயரின் மவுசு சும்மா வந்ததில்லை. சிம் வோங் ஹூ சிங்கப்பூரில் 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் அதை வெளியிட்டபோது, சாதாரணக் கணினிக்கு 'பீப்' என்று கத்துவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. கார்டு போட்டால்தான் விளையாட்டில் ஒழுங்கான இசை கேட்கும். 1997இல் இண்டெல் 'ஏசி 97' என்ற தரத்தைக் கொண்டுவந்த பிறகு, மதர்போர்டிலேயே ஒலிச் சில்லு இருப்பது வழக்கமாகிவிட்டது. விளையாட்டின் ஒலிக்கணக்கைக் கார்டின் தலையில் கட்டும் பழைய வழியை விண்டோஸ் விஸ்டா அடைத்தது. இன்று எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் விளையாட்டே கணக்கிட்டுக்கொள்கிறது. கார்டு போட்டால் எதிரி வருவது முன்கூட்டியே தெரியும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

கார்டு தேடுவதற்கு நியாயமான காரணம் இரைச்சல்தான். அதிலும் பாதி, காசில்லாமல் தீரும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க ஓட்டையை விட்டுவிட்டு, பின்னால் உள்ள பச்சை ஓட்டையில் செருகிப் பாருங்கள். முன்பக்க வயர் பெட்டிக்குள் மற்ற பாகங்களை உரசிக்கொண்டு வருவதால் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். உடனே 'ம்ம்ம்' சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜரோ வீட்டு எர்த்தோதான். உலோகப் பகுதியில் கை பட்டால் 'சுர்' என்றாலும் எர்த்தைச் சந்தேகிக்கலாம். மூன்று பின் பிளக் எர்த் இல்லாத சாக்கெட்டில் இருக்கலாம். கோடையில் எர்த் குழி காய்ந்தும் போயிருக்கலாம். அரியலூர் வெயிலில் அதைக் கேட்கவே வேண்டாம். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்யாமல் யூஎஸ்பியில் செருகும் கார்டு வாங்கினாலும், அதே இரைச்சல் அந்த வழியாகவும் வரலாம்.

மைக் வேலை செய்யவில்லை என்பது அடுத்த புகார். பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே பின்னில் வருகின்றன என்று பொருள். டெஸ்க்டாப்பில் பச்சை, இளஞ்சிவப்பு என்று தனித்தனி ஓட்டைகள். நடுவே ஒரு ஸ்பிளிட்டர் வயர் போட்டால் போதும்.

சத்தம் போதவில்லையா? அட்டைப்பெட்டியில் 'ஓம்' கணக்கைப் பாருங்கள். கேமிங் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 32 ஓம் சுமாருக்கு இருக்கும். மதர்போர்டே அதைத் தாராளமாக ஓட்டிவிடும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை போன்ற ஸ்டூடியோ ஹெட்போன் வைத்திருந்தால் கதை வேறு. அதற்கு ஆம்ப்ளிஃபயர் உள்ள பெட்டி வேண்டும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் '7.1 சரவுண்ட்' பெரும்பாலும் மென்பொருள் வேலை. காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் உள்ளே. விண்டோஸ் சோனிக் இலவசமாகவே அதைச் செய்கிறது. விளையாட்டிலேயே அந்த வசதி இருந்தால் இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பும்.

இத்தனைக்குப் பிறகும் இரைச்சல் போகவில்லை என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் அடாப்டரை வாங்கிப் பாருங்கள். கணினிக்கு வெளியே இருப்பதால், உள்ளிருக்கும் மின் இரைச்சல் அதை அவ்வளவாகத் தொடாது. பெட்டிக்குள் பொருத்தும் விலையுயர்ந்த கார்டு, விளையாட மட்டும் ஹெட்செட் மாட்டுகிறவர்களுக்குத் தேவையில்லை.