உள்ளாட்சித் தேர்தலும் நம் ஊரும்

தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர்க்குச் சென்னைக் கோட்டையும் தில்லி நாடாளுமன்றமும்தாம் நினைவுக்கு வருகின்றன. கொடிகளும் ஒலிபெருக்கிகளும் அவற்றுக்கே மிகுதி. ஆனால் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், கால்வாயைத் தூர் வார வேண்டியவர் யார், பௌர்ணமி கழிந்த மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் குப்பையை அள்ளுவது யார் பொறுப்பு என்னும் வினாக்களுக்குக் கோட்டையில் விடை கிடைக்காது. விடை சொல்ல வேண்டியவர் நம் தெருவில் இருப்பவர். நம் வாக்கைப் பெற்று வந்தவர். அப்படி ஒருவர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறாரா என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். மிக அருகில் இருக்கும் தேர்தலே மிக எளிதில் தள்ளிவைக்கப்படும் தேர்தலாக இருந்து வந்திருக்கிறது. அது ஏன், அதனால் நமக்கு வரும் இழப்பு யாது என்பதை மாணவ நண்பர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் நம் ஊரின் கதை. திருவண்ணாமலை நகராட்சி 1886-ஆம் ஆண்டில் தோன்றியது. வடஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு, 1989 செப்டம்பர் 30 அன்று இவ்வூர் தனி மாவட்டத்தின் தலைநகரானது. 2024 ஆகஸ்டில் நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி ஆகியவற்றுடன் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. வார்டுகள் 39. நகராட்சித் தலைவர் என்றிருந்த பெயர் மேயர் என்றும், நகர்மன்றம் என்றிருந்தது மாமன்றம் என்றும் மாறியது. பலகை மாற்றுவது எளிது. பலகைக்குப் பின்னால் மாறுவன என்ன என்பதே கேள்வி.

மாநகராட்சி என்றால் எல்லை விரியும். நகரை ஒட்டிய ஊராட்சிகளையும் அதனுடன் இணைப்பது என்பது அரசின் முடிவு. இங்கேதான் மக்களிடையே மனக்கலக்கம் உண்டாகிறது. தமிழகத்தில் பல ஊர்களில் இத்தகைய இணைப்பை எதிர்த்து மக்கள் மனுக் கொடுத்ததையும் மறியல் செய்ததையும் நாளிதழ்களில் படித்திருப்போம். அவர்கள் சொல்லும் காரணங்களைப் புறக்கணிக்க இயலாது. ஊராட்சி என்றிருக்கும் வரை கிராமப்புற வேலை உறுதித் திட்டம் அவர்களுக்கு உண்டு; மாநகராட்சிக்குள் வந்தால் இல்லை. காலையில் மண்வெட்டியுடன் ஏரி வேலைக்குச் செல்லும் அம்மையாருக்கு இது அன்றாட வருமானத்தைப் பற்றிய செய்தி. வீட்டு வரி நகர அளவுக்கு உயரும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராம சபை போய்விடும்.

மறுபக்கமும் உண்டு. பாதாளச் சாக்கடை, சீரான குடிநீர், குப்பை அகற்றும் ஏற்பாடு ஆகியவை சிறிய ஊராட்சியின் வருவாயில் இயலாதவை. நகரம் ஏற்கெனவே எல்லை தாண்டி வளர்ந்துவிட்டது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே வேங்கிக்கால் பக்கம்தான் இருக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அந்த நியாயங்களை எடுத்துரைக்க ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? இணைப்புப் பேச்சு எழுந்த காலத்தில் அந்த நாற்காலிகள் காலியாயின. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளுடன் முடிந்தது. அதற்குள் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. 860 ஊராட்சிகளும் 18 ஒன்றியங்களும் கொண்ட நம் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

தனி அலுவலர் திறமையற்றவர் என்று சொல்ல வரவில்லை. பலர் கடமை தவறாதவர்கள். ஆனால் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் பல ஊராட்சிகளுக்கும் சேர்த்துத் தனி அலுவலராக இருக்கும்போது, மோட்டார் பழுதாகிவிட்டது என்று இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஊராட்சித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். திட்டவும் செய்யலாம். அடுத்த தேர்தலில் வாக்கு மறுக்கலாம். வேறுபாடு இவ்வளவுதான்; ஆனால் இது சிறிய வேறுபாடு அன்று.

தமிழகத்துக்கு இது புதியதும் அன்று. 1986-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, அதற்கு முந்தைய தேர்தலில் வாக்களித்தவர்களின் பிள்ளைகள் வாக்காளர்களாகி இருந்தனர். அவ்வளவு நீண்ட இடைவெளி. 1991-இல் மீண்டும் மன்றங்கள் இல்லாமற் போயின. இந்நிலையை மாற்றவே அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சி மன்றத்தின் காலம் ஐந்தாண்டுதான், அக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று அவை திட்டவட்டமாகச் சொல்கின்றன. தேர்தலை நடத்துவதற்கென்றே மாநிலத் தேர்தல் ஆணையம் என்ற தனி அமைப்பும் ஏற்பட்டது. 1996, 2001, 2006, 2011 என நான்கு முறை தேர்தல் காலத்தே நடந்தது.

பிறகு வண்டி தடம் புரண்டது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. பழங்குடியினர்க்குரிய இட ஒதுக்கீட்டில் முறை பின்பற்றப்படவில்லை என்பது வழக்கு. புதிதாக அறிவிப்பு வெளியிட்டுச் சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் வரையும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரையும் தேர்தல் வரவில்லை. அதாவது ஐந்தாண்டுப் பதவிக்காலம் ஒன்று முழுவதுமே மன்றம் இல்லாமல் நம் நகரம் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்துக்கு மத்திய நிதி ஆணையத்தின் மானியம் இல்லை என்ற விதியின்படி தமிழகத்துக்கு வரவேண்டிய பணமும் அக்காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. குடிநீருக்கும் துப்புரவுக்கும் செலவாகியிருக்க வேண்டிய பணம் அது.

இனி, வாக்களிக்கும் முறை. தண்டராம்பட்டு, துரிஞ்சாபுரம் ஒன்றியங்களின் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு ஒரே தேர்தலில் நான்கு வாக்குகள்: ஊராட்சி வார்டு உறுப்பினர்க்கு ஒன்று, ஊராட்சித் தலைவர்க்கு ஒன்று, ஒன்றியக் குழு உறுப்பினர்க்கு ஒன்று, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்க்கு ஒன்று. 2019-இல் நான்குக்கும் தனித்தனி நிறத்தில் வாக்குச்சீட்டுகள் தரப்பட்டன. முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாதவை. பின்னிரண்டும் கட்சி அடிப்படையிலானவை. நகரில் திருவூடல் தெருவில் குடியிருப்பவர்க்கோ ஒரே வாக்குதான். அவர் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2011-இல் நகர்மன்றத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2022-இல் அது மறைமுகத் தேர்தலாயிற்று. ஊராட்சித் தலைவரை நேரே தேர்ந்தெடுக்கும் உரிமை சிற்றூர் வாக்காளர்க்கு இருக்க, மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நகரத்து வாக்காளர்க்கு இல்லாதது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. உள்ளாட்சி இடங்களில் பாதி மகளிர்க்கென 2016-இல் சட்டம் வகை செய்தது. போட்டியிட 21 வயது நிறைந்தால் போதும். நம் முதுகலை வகுப்பு மாணவியர் பலர் இன்றே தகுதி உடையவர்கள்.

பழம்பெருமை பேசாமல் இந்தத் தலைப்பைக் கடக்கத் தமிழனால் முடிவதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சொல்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தி அவற்றில் உள்ளது. நிலமும் மனையும் உடைய ஆண்களுக்கே அதில் இடம். அதைக் குடியாட்சி என்று கொண்டாடுவோர் இதை மறந்துவிடுகின்றனர். எனினும் அதில் ஒரு விதி இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வரக்கூடாது!

கணக்குக் கேட்கும் இடம் இக்காலத்தில் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம். மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேர் கூடினால்தான் சபை செல்லும். நகரத்தில் இதற்கு ஈடாக வார்டுக் குழுவும் பகுதி சபையும் 2022-இல் விதிகளின் வழியே வந்தன. ஊராட்சியிலிருந்து மாநகராட்சிக்கு வருவோர் தாம் இழந்த கிராம சபைக்கு மாற்றாகக் கேட்டுப் பெற வேண்டியது இதுதான். எத்தனை பேர் இதை அறிவர் என்பது வேறு.

நம் ஊருக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. வாக்காளர் அல்லாதவர்க்காக நகரத்தை நடத்த வேண்டியிருக்கிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று சொல்லவே வேண்டா. அவர்கள் குடிக்கும் தண்ணீர், பயன்படுத்தும் கழிப்பறை, விட்டுச் செல்லும் குப்பை எல்லாம் நகரின் கணக்கில் வருகின்றன. ஆனால் மானியத்தைப் பங்கிடும்போது கணக்கில் வருவது குடியிருப்போர் தொகை. அதிலும் 2011-இன் தொகை. கோயில் இந்து சமய அறநிலையத்துறையிடம், மலைக்காடு வனத்துறையிடம், சாலை நெடுஞ்சாலைத்துறையிடம், கூட்டத்தை ஒழுங்கு செய்வது காவல்துறையிடம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. இவர்கள் எல்லாரையும் ஒரே கூட்டத்தில் வைத்து, எங்கள் தெருவில் இரண்டு நாளாகக் குப்பை அள்ளவில்லை என்று கேட்கும் உரிமை பெற்றவர் வார்டு உறுப்பினர் ஒருவரே.

வார்டு என்பது வெறும் குப்பைக் கணக்கும் அன்று. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்சரிந்து வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் மாண்டனர்; அவர்களில் ஐவர் குழந்தைகள். மலைச்சரிவில் எங்கே வீடு கட்டலாம், மழைநீர் எவ்வழியே இறங்கும், கட்டிவிட்டவர்க்கு மாற்றிடம் எங்கே என்பவை மாமன்றத்தில் ஆண்டுதோறும் பேசப்பட வேண்டியவை. புயலுக்கு மறுநாள் மட்டும் பேசப்படுபவை அல்ல.

அடுத்து வரும் நாள்களைக் கவனிப்போம். 2022 மார்ச்சில் பதவியேற்ற நகர மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைகிறது. நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அரசு குறித்த நாளும் 2027 மார்ச் 1. இரண்டும் ஒரே மாதத்தில் சந்திக்கின்றன. வார்டு எல்லையும் இட ஒதுக்கீடும் மக்கள்தொகையை ஒட்டியே வகுக்கப்படுகின்றன. புதிய கணக்கு வெளிவரட்டும், அதன்படி எல்லை வகுப்போம், அதன்பின் தேர்தல் என்று யாரேனும் சொன்னால் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அதில்தான் ஆபத்து இருக்கிறது. எல்லை வரையறையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2006-இல் ஆமதாபாத் மாநகராட்சி வழக்கிலும், 2022-இல் மத்தியப் பிரதேச வழக்கிலும் தெளிவாகக் கூறிவிட்டது. பழைய எல்லையிலேனும் தேர்தலை நடத்த வேண்டும் என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

மாணவர் இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தகுதி நாள் முன்பு ஜனவரி 1 மட்டுமே; 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்காயிற்று. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். விடுதி மாணவர் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ பதியலாம். இரண்டிலும் பதியக் கூடாது. வீடு மாறியவர்க்குப் படிவம் 8. உள்ளாட்சித் தேர்தலுக்கெனத் தனியே பெயர் சேர்ப்பு இல்லை. சட்டமன்றப் பட்டியலையே வார்டு வார்டாகப் பிரித்து மாநிலத் தேர்தல் ஆணையம் வெளியிடும். அப்படிப் பிரிக்கும்போது தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் அடுத்த வார்டுக்குப் போய்விடுவதுண்டு. வரைவுப் பட்டியல் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டதும் தம் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்து, தவறாயின் குறித்த நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம்.