முற்றத்து விளக்கும் ஞாயிற்றொளியும்

வீட்டு வாயிலிலும் கிணற்றடியிலும் நாம் இட்டுள்ள மின்விளக்குகள், மின்னோட்டம் தடைப்பட்ட அக்கணமே அவிந்துவிடுகின்றன. புயலும் மழையும் மிகுந்து, படியையும் பாம்பையும் கண்டு நடத்தற்கு ஒளி மிகவும் வேண்டப்படும் இரவிலேயே இக்குறை நேர்கின்றது. ஆதலின், அவ்விளக்குகளை ஞாயிற்றொளியால் எரியச் செய்யும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஒளியினின்று மின்சாரம் பிறத்தலை 1839-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் எட்மண்டு பெக்கரெல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அப்பொழுது அவர்க்கு வயது 19. பின்னர் 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனைக்கொண்டு அதனைப் பயன்தரத்தக்கதாக்கினர்.

இம்முறையை மேற்கொள்வார் பலர் முதற்கண் சூரியத் தகட்டை வாங்க விழைவர். அது முறையன்று, முதலிற் செலவைச் சுருக்குதல் வேண்டும். 60 வாட் இழைவிளக்குகள் இரண்டு 12 மணி நேரம் எரியின் 1,440 வாட்-மணி செலவாகும். ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாட் எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டிற்கு 216 வாட்-மணியே போதும்.

நம் நாட்டில் நாளொன்றுக்கு 5 மணி நேர முழுவெயிலுக்கு ஒப்பான ஒளி கிடைப்பதாகவும், மூன்றிலொரு பங்கு வழியில் இழப்பாவதாகவும் கொள்வோமாயின், இதற்கு 65 வாட் தகடு வேண்டும். மழைநாளிற் குறைந்ததை மீட்டற்பொருட்டு 100 வாட் தகடு கொள்ளுதல் நலம். வெயிலில்லா இரண்டு இரவுகளைத் தாங்க, 12 வோல்ட் மின்கலத்தில் 36 ஆம்பியர்-மணி சேமிப்பு வேண்டும். அதனை முழுதும் வறிதாக்குதல் தகாதாகலின், 45 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு மின்கலம் ஏற்றதாம். மின்கலம் அளவிறந்து நிறையாமலும் குறையாமலும் காப்பது மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி. தகட்டின் மின்னழுத்தம் வீழ்தலால் அந்தியை உணர்ந்து, தானே விளக்கேற்றும் கருவிகளும் உள.

தகட்டைத் தெற்கு நோக்கிச் சிறிது சாய்த்து, மரநிழல் படாதவாறு நிறுத்துக. அதன் சிற்றறைகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளமையால், ஒரு மூலையில் விழும் நிழலும் பயனைப் பெரிதும் குறைக்கும். தூசியையும் அவ்வப்போது கழுவுதல் வேண்டும்.

இனி, எச்சரிக்கை ஒன்று. பழைய கம்பிகளில் 230 வோல்ட் ஓடுகின்றது. அவ்விணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு அறவே துண்டித்த பின்னரே புதிய இணைப்பைத் தொடங்குக. விளக்குகளும் 12 வோல்ட்டிற்கு உரியனவாதல் வேண்டும். அழுத்தம் குறையவே, அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் ஏறக்குறைய 19 மடங்காகும். ஆதலின் கம்பி தடித்தும், மின்கலம் விளக்கிற்கு அணித்தாகவும் இருத்தல் வேண்டும். மின்கலத்தின் அருகே உருகி ஒன்று அமைத்தல் தீவிபத்தைத் தடுக்கும்.

இங்ஙனம் வரவும் செலவும் கணக்கிட்டு அமைத்த விளக்கு, ஊரே இருண்ட மழையிரவினும் வாயிலில் நின்று எரியும். கணக்கிடாது வாங்கியதோ நள்ளிரவிற்கு முன்னரே அவியும். எனவே, கடைக்குச் செல்லுமுன் தாளும் எழுதுகோலும் கொண்டு அமர்தலே இப்பணியின் தொடக்கம் என்பது எமது துணிபு.