சதுரங்கத்திற் காத்திருத்தல்

சதுரங்கத்திலே தற்காத்து ஆடுவோனைக் கோழை என்பர் சிலர். அது பொருந்தாக் கூற்று. நம் கண்டி மாநகரே அதற்குச் சான்று. 1638ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் படையெடுத்தபோது, இரண்டாம் இராசசிங்கன் நகரை வெறிதாக்கி விலகினான். பகைவர் அதனை எரியூட்டி மீளும் வழியில், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் அவர்களை வளைத்து முறியடித்தான்.

ஆட்டத்திலும் காத்திருத்தல் என்பது வாளாவிருத்தலன்று. 1963 முதல் 1969 வரை உலக வாகையராய் விளங்கிய பெத்ரோசியன், மாற்றான் எண்ணத்தை முன்னரே உணர்ந்து, அது முளைக்குமுன் தடுத்தார். தன் அரண் பழுதின்றி நிற்க, மாற்றானுக்கு ஓயாது வினா விடுத்தலே இம்முறை.

2024 டிசெம்பர் 12இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த உலகப் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தைக் காண்க. சென்னை இளைஞர் குகேசுக்கு ஒரு காலாள் மட்டுமே மிகுதி. இருவரும் செவ்வனே ஆடின் முடிவு சமநிலையே. எனினும் அவர் சலியாது ஆடினார். 55ஆம் நகர்த்தலில் சீனத்து டிங் லிரென் தம் கோட்டையைத் தகாத கட்டத்தில் வைத்தார். குகேசு முதலில் அதனை உணராவிடினும், விரைவிலேயே கண்டுகொண்டார். பிற காய்கள் மாறி மாறி வெட்டுண்டன. மிகுந்த அக்காலாளே 18 வயதினர்க்கு உலக வாகை சூட்டிற்று.

ஆட்டம் சமனென்று சலித்துக் காய்களைக் கலைக்கும் மாணவர்க்கு நாம் சொல்வது இதுவே: பொறுமை பாதி, பிழை தோன்றும் கணத்தை அறியும் விழிப்பு மறுபாதி.