வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருகித் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களைச் சூழ்ந்தபோது, மோட்டார் வண்டிகள் பலவும் ஜலத்தில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய எஞ்சின் வெள்ளத்தால் கெடுவதைவிட, வெள்ளம் வடிந்தபின் உடையவரின் அவசரத்தால் கெடுவதே அதிகம். காற்றை அமுக்கலாம், ஜலத்தை அமுக்க இயலாது. சிலிண்டருக்குள் ஜலம் நிற்கையில் எஞ்சினை ஓட்ட முயன்றால், மேலேறும் பிஸ்டன் தடைப்பட்டுக் கனெக்டிங் ராடு வளையும். பிஸ்டனே வெடிப்பதும் உண்டு. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகக் குறுகியதாகையால் சிறிதளவு ஜலமே இதற்குப் போதும்.

ஆகவே பம்பு எஞ்சினாயினும் டிராக்டராயினும், முதலில் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றி ஜலத்தை வெளியேற்றுதல் வேண்டும். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் முழுவதையும் மாற்றுக. காற்று வடிகட்டியில் வண்டல் தங்கினால் அது சிலிண்டரை அரம்போல் தேய்க்கும். தாமதமும் ஆகாது, சில நாட்களிலேயே ரிங்குகள் துருவேறிச் சிலிண்டரோடு பற்றிக்கொள்ளும்.