பெருங்குளக் கரையில் ஒரு விடுமுறை

பாடசாலை விடுமுறை நெருங்குங் காலத்தில் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுத் தலைவர் தாளும் பென்சிலுமாக அமர்வார். மூன்று நாளில் எத்தனை இடங்களைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவார். இடங்கள் கூடக்கூடப் பயணமும் சிறக்கும் என்பது அவர் எண்ணம். அது எத்துணைத் தவறு என்பதை நான் அனுபவத்தால் அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வெள்ளவத்தையிலிருந்து எங்கள் வீட்டார் எண்மர் வாடகை வான் ஒன்றிற் புறப்பட்டோம். காலையில் தம்புள்ளை, நண்பகலில் சிகிரியா, பிற்பகலில் பொலன்னறுவை, இரவு மீண்டும் வீடு. திட்டத்தை வகுத்தவன் நானே. உடன்வந்த அம்மம்மா வன்னியிலே குளத்தங்கரைக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். மணமாகிக் கொழும்புக்கு வந்தபின் கடலையே பார்த்து வாழ்ந்தவர். பொலன்னறுவைப் பெருங்குளத்தை ஒருமுறை காணவேண்டும் என்பதே அவருடைய ஒரே விருப்பம். ஆனால் நாங்கள் பொலன்னறுவையை அடையும்போதே பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இடிபாடுகளை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். களைப்பினால் அம்மம்மா வானிலேயே நித்திரையாகிவிட்டார். ஹபரணையைத் தாண்டியதும் கண் விழித்து, "தம்பி, குளம் இனித்தானே வரும்?" என்று கேட்டார். குளமோ பின்னால் எங்கோ போய்விட்டது. அதன்பின் அவர் நெடும்பயணம் எதுவும் செய்யவில்லை.

ஆகவே, குளக்கரைக்கு விடுமுறை போக எண்ணுவோர் குளத்தையே முதலில் வைத்துத் திட்டமிடவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மேனாட்டார் இக்கலையை நன்கு அறிவர். இத்தாலியின் வடபகுதியிலே கார்டா என்னும் பெரிய ஏரி உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர். பனியுகத்திற் பனியாறுகள் மலையைக் குடைந்து ஆக்கிய ஏரி அது. ஆழம் 340 மீட்டருக்கும் மேல். அங்கே செல்வோர் கரையிலுள்ள ஊர் ஒன்றைத் தெரிந்து, அங்கேயே பல நாள் தங்கி இளைப்பாறுவர். எம்மாதத்திற் சென்றாலும் ஏரி நிறைந்தே இருக்கும்.

நம் நாட்டுப் பெருங்குளங்களின் இயல்பு வேறு. அவை மனிதர் கட்டியவை. 12 ஆம் நூற்றாண்டில், 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன், முன்னிருந்த குளங்களை ஒன்றிணைத்துப் பராக்கிரம சமுத்திரத்தை அமைத்தான். அம்பன் கங்கையின் நீர் கால்வாய் வழியே அதில் வந்து சேர்கிறது. குளக்கட்டின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நீர்ப்பரப்பு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர். சமவெளியிலே நீரைத் தேக்கியமையால் ஆழம் குறைவு. மாரியில் நிறைவதும், வயலுக்குப் பாய்ந்து கோடையிற் குறைவதும் அதன் வழக்கம். எனவே, எம்மாதத்திற் போவது என்பதே நமக்கு முதற்கேள்வி.

டிசெம்பர் விடுமுறையிற் குளம் நிறைந்து வருமாயினும் வாடைமழை இடையூறு செய்யும். கிழக்குப் பாதையில் வெள்ளம் பெருகிப் பயணம் தடைப்படுவதும் உண்டு. ஓகஸ்ட் விடுமுறையில் வெயில் கடுமை, நீரும் குறைந்திருக்கும். ஆனால் அண்மையிலுள்ள மின்னேரியாக் குளம் வற்றிப் புல் தளிர்க்கும் அக்காலத்திலேதான் யானைகள் நூற்றுக்கணக்கிற் கூடுவது வழக்கம். எனினும், 2018 இல் மொறகஹகந்த நீர்த்தேக்கம் செயற்படத் தொடங்கியபின், சில ஆண்டுகளில் கோடையிலும் மின்னேரியாவில் நீர் நின்று புல்வெளியை மூடியதுண்டு. புறப்படுமுன் அவ்வூரில் விசாரித்தறிவது நன்று. முதியோரும் குழந்தைகளும் உடன்வரின், மழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் நீண்ட வார இறுதியே சிறந்தது.

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் புகையிரதம் பொலன்னறுவையிலும் நிற்கும். நிலையம் இருப்பது பழைய நகரிலன்று, சில கிலோமீட்டர் கிழக்கே கதுருவெலவில். அங்கிருந்து முச்சக்கர வண்டியில் வரலாம். கொட்டாஞ்சேனையில் வசிப்போருக்குப் புறக்கோட்டைப் பேருந்தும் வாய்ப்பானதே. குளத்தின் ஓரமாக, 1954 இல் எலிசபெத் அரசியார் தங்கிய வாடிவீடு இருக்கிறது. சிறு செலவில் தங்க விரும்புவோருக்கு ஊரில் வேறு விடுதிகளும் உண்டு.

இரண்டாம் நாள் விடியற்காலையிலே இடிபாடுகளைப் பாருங்கள். வழிபாட்டிடங்களிற் பாதணியைக் கழற்றவேண்டும். நண்பகலிற் கல்லும் மணலும் காலைச் சுடும். அங்கே தமிழ் மாணவர் தவறாது காணவேண்டியது, முழுவதும் கருங்கல்லால் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம். சோழர் பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்ட 11 ஆம் நூற்றாண்டில், இராசராசனின் தேவி பெயரால் அமைந்த சிவாலயம் அது. இந்நகரின் சிவாலயங்களிற் கண்டெடுத்த நடராசர், பார்வதி முதலிய வெண்கலத் திருவுருவங்கள் கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளன. பயணத்துக்கு முந்திய ஞாயிறன்று பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றால், கோயிலைக் காணும்போது அவர்களுக்கு அது வெறுங் கல்லாகத் தோன்றாது.

இரண்டு மாலைப் பொழுதுகளையும் குளக்கட்டுக்கென்றே ஒதுக்குங்கள். நகரம் குளத்துக்குக் கிழக்கே இருப்பதால், கட்டில் அமர்வோருக்குச் சூரியன் நீருக்கு அப்பால் மறைவது தெரியும். நீர்க்காகங்கள் கூட்டமாய்த் திரும்பும். மீனவர் வள்ளங்கள் கரை சேரும். பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். முதலைகள் உண்டு, மதகருகே நீரோட்டமும் வலியது. கையிற் கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்து உண்டுகொண்டு, பெரியவர்களைப் பேசவிடுங்கள். குளத்தோடு வாழ்ந்தவர்களுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

அடுத்த விடுமுறைக்குத் தாளும் பென்சிலும் எடுக்கும் அன்பர்கள், எழுதுமுன் வீட்டில் மூத்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?" அவர் சொல்வதை முதல் வரியில் எழுதுங்கள். நேரம் மிஞ்சினால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.