நோட்டில் விடுபட்ட நாளுக்கு என்ன எழுதுவது?

போன அக்டோபரில் என் மழை நோட்டில் ஒன்பது நாள் விடுபட்டுப் போச்சு. மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. மழைமானியைப் பார்க்க தோட்டத்தில் ஆள் இல்லை. திரும்பி வந்ததும் ஒன்பது கட்டத்திலும் பூஜ்யம் போட்டுக் கூட்டினேன். 118 மில்லிமீட்டர். இது பத்தாது, மார்கழிப் பட்டத்துக்கு நிலக்கடலை வேண்டாம் என்று முடிவு பண்ணிட்டேன். ஆனா கிணத்துல ஆறு அடி தண்ணி ஏறியிருந்துச்சு!

வங்கியில் இருந்த காலத்தில், கணக்கு பிடிபடாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில்தான் வைப்போம். பூஜ்யம் என்று எழுதினால் வேலையே போயிடும். தோட்டத்து நோட்டில் அதை மறந்துட்டேன்.

என் மகன் கணினியில் 'ஆர்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 'மைஸ்' என்ற தொகுப்பை இறக்கி, ஒரு மாதிரி ஓட்டம் காட்டினான். அந்த மென்பொருளோடு கூடவே ஒரு அட்டவணை வருது. 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் 153 நாள் எடுத்த அளவுகள்: ஓசோன், சூரியக் கதிர், காற்று வேகம், வெப்பம். இதில் ஓசோன் 37 நாளுக்கு இல்லை. கதிர் 7 நாளுக்கு இல்லை.

முதலில் சராசரியை வைத்து நிரப்பினோம். 37 நாளுக்கும் ஒரே எண், சுமார் 42. வெயில் கொளுத்திய நாளுக்கும் அதே, குளிர்ந்த நாளுக்கும் அதே. உண்மையில் அளந்த நாட்களில் ஓசோன் 1 முதல் 168 வரை ஏறி இறங்கியிருக்கு. அந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் திட்ட விலக்கம் 33-லிருந்து 29-க்குக் குறைஞ்சுடுச்சு.

மைஸ் வேறு மாதிரி வேலை செய்யுது. விடுபட்ட நாளின் வெப்பம், காற்று போன்றவற்றைப் பார்த்து, அதே சாயலில் உள்ள சில நாட்களைத் தேடுது. அவற்றில் ஒன்றில் உண்மையாக அளந்த எண்ணை எடுத்து வைக்குது. இப்படி ஐந்து முறை நிரப்பி, ஐந்து அட்டவணை தருது. ஐந்தும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். விலகி நின்றால் நமக்குத் தெரியாதது அவ்வளவு என்று அர்த்தம்.

பிறகு என் மூணு வருட நோட்டையும், பக்கத்துத் தோட்டக்காரர் அதே நாட்களில் எழுதிய மழையளவையும் சேர்த்து ஓட்டினோம். அதற்கு முன் ஒரு சோதனை: எனக்குத் தெரிந்த பத்து நாள் அளவை வேண்டுமென்றே மறைத்து, அது என்ன சொல்லுதுன்னு பார்த்தோம். தூறல் நாட்களில் கிட்டத்தட்ட சரி. கனமழை நாட்களில் நிறையவே தவறியது. நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த எண்ணையும் நம்பாதீங்க.

ஐந்து அட்டவணையிலும் அக்டோபர் மொத்தம் 170 முதல் 230 வரை வந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். அடிமட்டமான 170-ஐ வைத்தாலே என் பழைய கணக்கில் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கு! குறைந்த எண்ணையே வைத்து, இரண்டு ஏக்கருக்குப் பதில் ஒரு ஏக்கரில் கடலை போட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. மழை கொட்டியதாலேயே மானி நிரம்பி வழிந்தது, பார்க்கப் போக முடியலை என்றால், விடுபட்டதே பெருமழை நாள்தான். அது நிரலுக்குத் தெரியாது, குறைத்தே சொல்லும். அடுத்து, சான்றிதழுக்கான பண்ணைக் குறிப்பேட்டில் இப்படி நிரப்பவே கூடாது. கட்டத்தை வெறுமையாக விட்டு, ஏன் விடுபட்டது என்று ஒரு வரி எழுதுங்க. ஆய்வுக்கு வருபவரிடம் ஊகத்தை அளவு என்று காட்டினால் அது பொய்க்கணக்கு.

என் சொந்த நோட்டில் அந்த ஒன்பது நாளையும் இப்போது பென்சிலால் எழுதியிருக்கிறேன். மையால் எழுதியது அளந்தது; பென்சில் ஊகம்.